ஆசீர்வாதம் மாடியில் அடுத்தவன் புறா

பாகிஸ்தான் ஜெயிலில் இருந்தபோது ஆசீர்வாதம் ஒரு புறாவின் காலில் கடுதாசி கட்டிப் பறக்கவிட்டார் என்று ராயபுரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் புறா ஏழு கடல் ஏழு மலை தாண்டி வந்து, கல்மண்டபம் மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி எல்சியின் தோளில் நேராக இறங்கியதாம். கடுதாசியில் இருந்ததைக்கூடச் சொல்வார்கள்: "நான் சொகமா கீறேன். சங்கரா மீன வறுக்காத, கொழம்பு வை."

இந்தச் சரக்கை ஊருக்குள் இறக்கியவர் சுப்பராயன். திருவொற்றியூருக்கும் பாரிமுனைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆசீர்வாதம் வீட்டிலேயே கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கிறார். மாடியில் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து ரோட்டில் பொய் சொல்ல இதைவிட வசதி யாருக்கு வாய்க்கும்? ஆனால் நிஜம் வேறு. அது இந்த வருஷம், விஜயவாடாவிலிருந்து புறாக்களைப் பறக்கவிடும் பெஜவாடா பந்தயத்தன்று, அதே மாடியில், ஆசீர்வாதத்தின் வாயிலிருந்தே வந்தது. அதற்கு முன் ஆளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

விடிந்தால் மாடிதான். கை வைத்த பனியன், கட்டம் போட்ட லுங்கி, கையில் பட்டாணி போட்ட பால் டப்பா. டப்பாவை ஒரு குலுக்கு குலுக்கினால் ஹார்பர் பக்கம் வட்டமடிக்கும், எங்கே விட்டாலும் கூடு திரும்புகிற ஹோமர் புறாக்கள் அத்தனையும் கழுத்தைத் திருப்பும். பேச்சு கம்மி, கைதான் பேசும். நேவியில் விமானத்தின் பின்சீட்டில் ஒயர்லெஸ் மெஷினோடு உட்கார்ந்திருந்தவர், வெளியே வந்தபின் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலையில் தலை நரைத்தவர். டீக்கடையில் சர்க்கரை போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். பீட்டர் சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் கட்டைவிரலைத் தரைப்பக்கம் காட்டி மெல்ல ஆட்டுவார். "இறக்கு" என்று அர்த்தம். பாதிரியாருக்கு அது தெரியாது. பின்பெஞ்சில் இருக்கும் ஹார்பர் ஆட்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

எழுபத்தொன்று சண்டையில் அவருடைய விமானம் அரபிக்கடலில் விழுந்தது. பைலட்டும் அவரும் ரப்பர் படகில் ஒரு ராத்திரி மிதந்தார்கள். காலையில் வந்த போட் நம்முடையது என்று நினைத்து ஆசீர்வாதம் சட்டையைக் கழற்றி வீசினார். வந்தது அவர்களுடையது. அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் முள்கம்பிக்குள். திரும்பி வரும்போது உடம்பில் பாதியும், நாக்கில் உருதுவும் இருந்தன. இன்றைக்கும் கோபம் வந்தால் உருதுதான். தண்டையார்பேட்டை உசேன் பாய் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணாத்த, இன்னா திட்டுறன்னு தமிழ்ல சொல்லிட்டு திட்டு. எனக்கு ரோசம் வர வேணாமா?" என்பார்.

இந்த உசேன் பாய்தான் ஆசீர்வாதத்தின் பரம எதிரி, புறா விஷயத்தில் மட்டும். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே கூண்டு. வடசென்னையில் புறா வளர்ப்பவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. போலீஸ் சட்டத்தைவிடப் பழசு. உன் புறா என் மாடியில் இறங்கி, நான் அதைப் பிடித்துவிட்டால், அது என் புறா. கேட்டு வரக்கூடாது, வந்தால் கொடுக்கக்கூடாது. உசேன் பாய் இந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிறவர். ஆசீர்வாதத்தின் புறாக்கள் சில அவர் கூண்டில் நிரந்தரக் கைதிகள்.

ஆசீர்வாதம் மட்டும் இதில் தறுதலை. அடுத்தவன் புறா இறங்கினால் பிடிப்பார். காலைத் திருப்பி, வளையத்தில் இருக்கும் அழுக்கை எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் துடைத்து, நம்பரைப் படிப்பார். தண்ணீர் காட்டுவார். பட்டாணி போடுவார். பிறகு வந்த திசைக்கே தூக்கிப் போட்டுவிடுவார்.

"நைனா, உன்னிய மாதிரி நாலு பேரு இருந்தா புறா கட்றவன் தொழில் உருப்படுமா?" என்று சுப்பராயன் கேட்டால் உள்ளங்கை கவிழும். போதும் என்று அர்த்தம். ஜெயில் கதை கேட்டாலும் அதே கைதான். மனுஷன் வாயைத் திறக்காததால்தான் சுப்பராயன் தானே ஒரு கதை செய்ய வேண்டியதாயிற்று.

போன மூன்று வருஷமாக பெஜவாடா பந்தயத்தில் உசேன் பாய் முதல், ஆசீர்வாதம் இரண்டு. மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் பொறுத்துப் பார்த்த எல்சி, இந்த வருஷம் சாம்பிராணி போடும்போதே சொல்லிவிட்டார்.

"இத்தினி வருசம் புறா பீ கழுவி கை தேஞ்சிப்போச்சி. இந்தவாட்டி கப்பு வர்ல, கூண்ட பிரிச்சி அடுப்புல வப்பேன். மாதா மேல ஆணை."

எல்சி மாதா பெயரை எடுத்தால் அது நடக்கும். கூண்டு போனால் இந்த ஆள் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார் என்று சுப்பராயனே சவாரிகளிடம் புலம்பத் தொடங்கினார்.

பந்தய நாள் வந்தது. விடியும்போது பெஜவாடாவில் லாரியிலிருந்து கூடைகளைத் திறந்துவிட்டார்கள். ஆசீர்வாதத்தின் சார்பில் போயிருந்தது கறுப்பி என்ற பெட்டைப் புறா. புறா தன் கூண்டுக்கு வந்ததும் காலில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றி, வண்ணாரப்பேட்டையில் கிளப் நடக்கும் டீக்கடைக்கு ஓட வேண்டும். அங்கே இருக்கும் கடிகாரப் பெட்டியில் யார் வளையம் முதலில் விழுகிறதோ அவனுக்குக் கப்பு. சுப்பராயன் வாசலில் ஆட்டோவை இன்ஜினை அணைக்காமல் நிறுத்திவிட்டு மாடிக்கு வந்திருந்தார். ஆட்டோவுக்குள்ளே இரண்டு மீன்காரம்மாக்கள் கூடையோடு, இறங்கவும் மாட்டாமல், திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. பக்கத்து மாடிகளெல்லாம் தலைகள். ஆசீர்வாதம் எண்ணூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அனல் மின்நிலையத்துப் புகைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதானது. மாடியே எழுந்து நின்றது.

"வந்துகினு கீது நைனா! நம்ம கறுப்பி தான்!"

கறுப்பி இல்லை. ஒரு நீல நிற ஆண் புறா, புறாக்காரர்கள் பாஷையில் சேவல். நேராகப் பறக்காமல் குடிகாரன் மாதிரி சாய்ந்து சாய்ந்து வந்து, தண்ணீர்த் தொட்டியில் மோதி, சிமெண்ட் தரையில் விழுந்தது. வல்லூறு அடித்திருந்தது. தோளில் சதை பிய்ந்து தொங்கியது. ஆசீர்வாதம் குனிந்து எடுத்தார். காலைத் திருப்பினார். எச்சில் தொட்டுத் துடைத்தார்.

"பாயோடது," என்றார்.

சுப்பராயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கர்த்தர் கொண்டாந்து குடுத்துகீறாரு! உள்ள போட்டு கதவ சாத்து நைனா. நம்ம மாடி, நம்ம புறா. அதான ரூலு? கறுப்பி மெதுவா வாக்கிங் வந்தாக்கூட கப்பு நம்மளுது."

பக்கத்து மாடிகளும் அதையே சொன்னன. ஆசீர்வாதம் அந்தப் பறவையை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். அதன் நெஞ்சு அடிப்பது அவருடைய பனியன்வரை தெரிந்தது. பிறகு எல்சியைப் பார்த்தார். எல்சியும் அவரைப் பார்த்தார். மாதா மேல் ஆணை வைத்தவர் விறுவிறுவென்று படியிறங்கினார். கீழே போனவர் அரைத்த மஞ்சளோடு திரும்பி வந்தார்.

"சீக்கிரம் தடவுய்யா. அதுக்கு நேரமாவுது."

மஞ்சள் அப்பி, நாலு மடக்கு தண்ணீர் காட்டி, தண்டையார்பேட்டைப் பக்கம் திரும்பி நின்று, கைகளை மேலே வீசினார் ஆசீர்வாதம். சேவல் ஒரு முறை தாழ்ந்தது, சமாளித்தது, வீடுகளுக்கு மேலே ஏறிப் போய்விட்டது. சுப்பராயன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். கறுப்பி வந்துவிட்டது. ஆனால் மாடியில் இருக்கும் கூட்டத்தையும் கூச்சலையும் பார்த்துவிட்டு இறங்க மாட்டேன் என்று சுற்றியது. ஒரு வட்டம். இன்னொரு வட்டம். எதிர் வீட்டு ஆன்டெனாவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆசீர்வாதம் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார், அது திரும்பவில்லை. அப்போதுதான் அவர் இரண்டு கைகளையும் விரித்து, தரையை நோக்கி ஓங்கி அமுக்கினார்.

"படுங்கடா எல்லாரும்!"

குண்டு விழப்போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, அத்தனை பேரும் சுடும் சிமெண்ட் தரையில் குப்புற விழுந்தார்கள். பக்கத்து மாடிக்காரர்களும் விழுந்தார்கள். சுப்பராயன் புறா எச்சத்தில் மூக்கைப் பதித்துக் கிடந்தார். எல்சியும் முட்டி வலியோடு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "கலீஜு, கலீஜு" என்று முனகினார். நின்றவர் ஆசீர்வாதம் ஒருவர்தான். கட்டைவிரலைக் கீழே காட்டி மெல்ல மெல்ல ஆட்டினார், முழுக் கப்பல் சரக்கை இறக்குகிற மாதிரி. ஆன்டெனா ஆடியது. கறுப்பி இறங்கி, சுப்பராயன் முதுகில் ஒரு கால் வைத்து, கூண்டுக்குள் நடந்து போனது.

அப்புறம் ஓட்டம்தான். வளையத்தை வாயில் கவ்விக்கொண்டு சுப்பராயன் ஆட்டோவைக் கிளப்பியதையும், கல்மண்டபம் சிக்னலில் மீன்காரம்மாக்களே இறங்கி மாட்டுவண்டியை ஒதுக்கிவிட்டதையும் அவரே விலாவாரியாகச் சொல்வார். டீக்கடைப் படியில் கால் வைக்கும்போது உள்ளே டிங் என்று சத்தம் கேட்டது. உசேன் பாயின் தம்பி பெட்டி மூடியைச் சாத்திக்கொண்டிருந்தான்.

நாலாவது வருஷமும் இரண்டாவது.

சாயங்காலம் எல்சி சுத்தியலோடு மாடியில் நின்றார். ஆசீர்வாதம் தடுக்கவில்லை. கூண்டைத் திறந்து, கறுப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுத்தியலை ஓங்கும்போது படியில் மூச்சிரைப்பு கேட்டது. உசேன் பாய். ஒரு கையில் கப்பு, இன்னொரு கையில் மூடிய கூடை.

"யக்கா, இரு. ஒரு வார்த்த பேசிக்கறேன்," என்றார். "என் சேவல் தோள்ல மஞ்ச கீது, அண்ணாத்த. பெஜவாடாலர்ந்து வர்ற வழில யாரு மஞ்ச அரைச்சி வச்சிகினு நிக்கிறாங்க?"

ஆசீர்வாதம் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

"கைய காட்டாத, வாய தொற. ஏன் உட்ட? உன் கைல மாட்டுன புறா. நானா இருந்தா வுட்டுருக்க மாட்டேன். அல்லா மேல சத்தியமா வுட்டுருக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே பாய் கூடையைத் திறந்தார். இத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருந்த ஆசீர்வாதத்தின் புறாக்கள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. ஒன்று பழக்கம் மறக்காமல் நேராகக் கூண்டின் மேல் தட்டுக்குப் போய் உட்கார்ந்தது. எல்சி எண்ணிப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார்.

"நல்லா கீதே நாயம். பிரிக்கலாம்னு வந்தா கூட்டம் ஏறிகினு போவுது. இதுங்கள எங்க அடைக்கிறது? பாய், உன் கடைல பழைய பலகை கிலகை கெடக்குதா?"

"கெடக்குது யக்கா."

"காலைல அனுப்பு." சுத்தியலைப் புருஷன் பக்கத்தில் வைத்துவிட்டு, கப்பை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இத்த நீயே எடுத்துகினு போ. ஓட்ட டப்பா."

சுப்பராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் கதை வந்துவிடும் அவருக்கு. "பாய், உனக்கு தெரியாது. அன்னிக்கு ஜெயில்லர்ந்து நைனாவோட லெட்டர கால்ல கட்டிகினு வந்துச்சே ஒரு புறா, அந்த நன்றி தான் இது. இல்ல நைனா?"

ஆசீர்வாதம் கூடையிலிருந்த கடைசிப் புறாவை எடுத்திருந்தார். காலைத் திருப்பி, எச்சில் தொட்டு, வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை கவிழும் என்று எல்லோரும் பார்த்தார்கள். கவிழவில்லை.

"லெட்டரும் இல்ல, ஒரு மயிரும் இல்ல," என்றார். "கம்பில ஒண்ணு வந்து குந்துச்சி. புடிச்சோம். சுட்டு துன்னுட்டோம். உப்பு தான் இல்ல."

அவர் கட்டைவிரல் வளையத்தின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

"கால்ல வளையம் கீதுன்னு துன்னப்பறம் தான் பாத்தோம்."