நெடுந்தீவு மாட்டுப்பட்டியில் ஐந்து அந்நியர்

கொழும்பில் யப்பான்காரரின் குண்டு விழுந்த சித்திரையில் எங்கள் கல்லூரியை மூடி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அங்கே நாடுகளுக்கிடையேயான அரசியலும் உலக மக்களின் பண்பாடுகளும் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான கரம்பொனில் யாராவது "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டால், அப்பா "சரித்திரம்" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார். ஊருக்கு வந்த இரண்டாம் கிழமை அம்மா என்னை நெடுந்தீவுக்குப் போகச் சொன்னார். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அத்தானோடு அக்கா இருந்தாள். அவளுக்கு ஏழு மாதம். சண்டை கிட்ட வருவதற்குள் பிள்ளைப்பேற்றுக்கு அவளைக் கூட்டிவர வேண்டும். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். ஆகவே நான்.

ஊர்காவற்றுறையில் காலை ஆறு மணிக்குப் பாய்வள்ளம் ஏறினேன். நெடுந்தீவு அங்கிருந்து ஏறத்தாழப் பதினாறு மைல். காற்று வாய்த்தால் நாலு மணித்தியாலத்தில் போய்விடலாம். வள்ளத்தை ஓட்டும் தண்டையல் சவரிமுத்து அண்ணை அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். நயினாதீவில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் புறப்பட்டோம். நடுக்கடலில் விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் பாயின் கீழே குனிந்துகொண்டோம்.

"எங்கட விமானமோ, அண்ணை?" என்றேன்.

"எங்கட எண்டு ஒண்டு இருக்கோ, பிள்ளை?" என்றார் அவர், சுக்கானை விடாமல்.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவலித்துறையில் வள்ளம் வந்தால் சாமான் தூக்க ஆட்கள் நிற்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்று ஒருவரும் இல்லை. அத்தான் மட்டும் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"நல்ல நேரம் வந்தனீர். அக்கா சுகமாய் இருக்கிறா, பேந்து பாக்கலாம். விதானையார் உம்மைக் கூட்டிவரச் சொன்னவர்."

மாட்டுவண்டியில் போகும்போதுதான் நடந்ததைச் சொன்னார். விடியற்புறம் மேற்குக் கரையில் ஒரு சிறு படகு ஒதுங்கியிருக்கிறது. உள்ளே ஐந்து ஆண்கள். மஞ்சள் நிறம், இடுங்கிய கண், ஒருவருக்கும் விளங்காத பேச்சு. யப்பான்காரர் இறங்கிவிட்டார்கள் என்று ஊர் திரண்டு, அவர்களை மாட்டுப்பட்டிக்குள் அடைத்துவிட்டது. ஊர்காவற்றுறைப் பொலிசுக்கு ஆள் போயிருக்கிறது. அவர்கள் வந்து சேர மறுநாளாகும்.

கடற்கல் அடுக்கிய மதிலைச் சுற்றி நூறு பேராவது நின்றார்கள். பலர் கையில் கத்தி. உள்ளே வெயிலில் நாலு பேர் குந்தியிருந்தார்கள். ஐந்தாமவன் அசையாமல் கிடந்தான்.

"பிள்ளை, நீர் உலகத்து நாடெல்லாம் படிக்கிறனீராம்," என்றார் ஊர்த்தலைவரான விதானையார். "சொல்லும், உவங்கள் யப்பான்காரரோ?"

யப்பானின் அரசியலமைப்பை எழுதச் சொன்னால் எழுதுவேன். ஒரு யப்பானியனைக் கண்ணால் கண்டதில்லை. சீனனையும் கண்டதில்லை. ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் மட்டும் நெஞ்சில் கை வைத்து "ஹொங்கொங்" என்றான்.

"ஹொங்கொங் சீனருடைய ஊர்," என்றேன், மூச்சு வந்தவளாய்.

"அது மார்கழியிலயே யப்பான்ர கையில விழுந்திட்டுது. பேப்பரில வாசிச்சனான்." சொன்னவர் அந்தோனி என்ற மீன்பிடிகாரர். அவருடைய தம்பி கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தவன், குண்டுவீச்சில் செத்தவன். அவர் கையிலும் கத்தி இருந்தது.

அவர் சொன்னது சரிதான். சீனர் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் வேவு பார்க்க வந்தவர்களாயிருந்தால்?

"எனக்குத் தெரியாது," என்றேன். கூட்டம் இரைந்தது. "ஆனா யப்பான்காரர் எண்டாலும், பிடிபட்டவனைக் கொல்லக்கூடாது எண்டு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு."

"என்ர தம்பியைக் கேட்டே குண்டு போட்டவங்கள்?"

பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு பட்டியின் படலையைத் திறந்து உள்ளே போனேன். அவர்கள் குடத்தைப் பிடுங்கவில்லை. கிடந்தவனின் வாயில் முதலில் ஊற்றினார்கள். பிறகுதான் தாங்கள் குடித்தார்கள். வெளியே எவனோ எறிந்த கல் என் தோளில் பட்டது.

"ஆரடா அது?" அந்தோனியின் குரல். "பொலிசு வரட்டும். அதுமட்டும் ஒருத்தனும் கை வைக்கேலாது. யப்பான் எண்டு தெரிஞ்சா, பேந்து நான் பாத்துக்கொள்ளுறன்."

படலைக்குக் குறுக்கே, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காவலா, காத்திருப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் கிடந்தவன் இறந்துபோயிருந்தான். பத்து மணிபோல வந்த பொலிசு அதிகாரி, கரைக்குப் போய், படகின் உட்புறத்தில் மங்கியிருந்த கப்பற் பெயரைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். வங்கக்கடலில் யப்பானியர் மூழ்கடித்த ஆங்கிலச் சரக்குக் கப்பல் அது. இவர்கள் அதன் கொதிகலனுக்குக் கரி போட்ட சீனர்கள்.

அந்தோனி எழுந்துபோய் மண்வெட்டி கொண்டுவந்தார். குழி வெட்டும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சீனர் எண்டு நீர் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன். தெரியாது எண்டு சொன்னபடியாத்தான், கொல்லக்கூடாது எண்டு நீர் சொன்னதைக் கேட்டனான்."

அடுத்த நாள் அக்காவைப் பத்திரமாகக் கரம்பொனுக்குக் கூட்டிவந்து சேர்த்தேன். வகுப்புகள் திரும்பத் தொடங்கியதும் அதே படிப்புக்குத்தான் போகப்போகிறேன். அப்பா வேறு பாடம் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நெடுந்தீவுக்குப் போக எண்ணுபவர்களுக்கு: வைகாசிக்கு முன் போய்விடுங்கள், பிறகு தென்மேற்குச் சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும். பல கிணறுகள் உவர். குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். இந்தச் சண்டைக்காலத்தில் இறங்கியவுடன் விதானையாரைக் கண்டு, யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. மேற்குக் கரையில், மாட்டுப்பட்டிக்கு அப்பால், தனியாக ஒரு கல் நிற்கும். இறந்தவனின் தோழர்கள் அதில் மூன்று எழுத்துகளைச் செதுக்கிவிட்டுப் பொலிசோடு போனார்கள். அவன் பெயராக இருக்கவேண்டும். சீன எழுத்து வாசிக்கத் தெரிந்த யாராவது அந்தப் பக்கம் போனால், வாசித்து அந்தோனியிடம் சொல்லுங்கள். வள்ளம் வரும்போதெல்லாம் அவர் துறையில் நின்று விசாரிக்கிறாராம்.