ஐ.பி. கொடுத்த வீட்டு விருந்து

எங்கள் அப்பா ஐ.பி. கொடுத்தவர். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வருபவர்கள், யாரோ மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டதைப் பேச நேர்ந்தால் தொற்றுநோயின் பெயரைச் சொல்வதுபோல் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். "எங்கப்பாவும் குடுத்தவருதானுங்க" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டிருப்பேன். எதிரில் நிற்பவரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாங்கிய கடனை இந்த ஜென்மத்தில் அடைக்க முடியாது என்றாகிவிட்ட பிறகு, கோர்ட்டுக்குப் போய், இருக்கிற சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள், விற்று எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள், அதோடு என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் ஐ.பி., ஊர்ப் பேச்சில் மஞ்சக் கடுதாசி. அப்படிக் கொடுக்கிறவர்கள் காலையில் கோர்ட்டில் கொடுத்துவிட்டு மாலையில் ஊரை விட்டு மறைந்துவிடுவது வழக்கம். கடன் கொடுத்தவர்கள் வந்து பூட்டிய கதவைத் திட்டிவிட்டுப் போவார்கள். கதவுக்கு என்ன, அது எதையும் தாங்கும்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் எங்களுக்கு மிளகுத் தோட்டம் இருந்தது. அது போதாதென்று அப்பா பழைய லாரி ஒன்றை வாங்கினார். மலையில் விளையும் குச்சிக்கிழங்கையும் பலாப்பழத்தையும் கீழே கொண்டுபோய் விற்றால் நாலு காசு பார்க்கலாம் என்பது திட்டம். லாரியோ, ஏற்றிய சுமைக்குக் கிடைத்த காசை டயராகவும் பிரேக்காகவும் தின்று தீர்த்தது. போதாக்குறைக்கு மிளகுக் கொடிகளில் வாடல் நோய் விழுந்து, தோட்டத்தில் பாதி காய்ந்தது. வட்டி கட்டக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி என்று போய், கடைசியில் லாரியைக் கொடுத்தும் கடன் தீரவில்லை. இதெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லாரியில் முன்சீட்டு இனிமேல் கிடையாது என்பது மட்டும்தான்.

அப்பா கோர்ட்டில் மனுக் கொடுத்துவிட்டு வந்த அன்று, சித்தப்பா ரகசியமாக வந்து, கேரளாவில் தெரிந்த எஸ்டேட் இருக்கிறது, சூடு ஆறும்வரை அங்கே போய் இருந்துவிட்டு வா என்றார். அப்பா, "நான் கடந்தான் வாங்குனேன், களவா பண்ணுனேன்" என்று கேட்டார்.

மறுநாள் அப்பா ஊருக்கு மேலே இருந்த பாறையில் ஏறினார். செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். அங்கிருந்து பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும் என்பதால் யாரும் அதில் ஏறிக் குடும்ப விஷயம் பேசுவதில்லை. அப்பா பேசினார். "கோர்ட்டு நோட்டீசு வந்து நீங்க தெரிஞ்சுக்க வேண்டாமுங்க, என் வாயாலயே சொல்லீர்றேன். எல்லாரும் ஞாயித்துக்கெழம வந்துருங்க. நான் ஊட்டுலதான் இருப்பேன்" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழைத்தார். கோர்ட்டு எனக்குப் புரியவில்லை. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வந்துருங்க என்பது நன்றாகப் புரிந்தது. வீட்டில் விசேஷம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா வாசல் முழுக்கச் சாணி மெழுகினாள். சாமை அரிசி புடைத்தாள். பலாக்கொட்டை உரித்தாள். இத்தனை பேர் வரும்போது கோழி அடிக்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, கோழியையும் கோர்ட்டில் எழுதியாகிவிட்டது, தொடக் கூடாது என்றார் அப்பா. எதையாவது ஒளித்து வைத்தது தெரிந்தால் மனு தள்ளுபடியாகிவிடும், ஜெயிலுக்கும் போக வேண்டிவரும் என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். அதனால் அப்பா கடப்பாரை, கலப்பை, ஆடு, அடைகாக்கும் கோழி வரை ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறார். வீட்டையும் ஏர்க்கருவியையும் யாரும் தொட முடியாது, கோழியை யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்று வக்கீல் சிரித்திருக்கிறார். அப்பா சிரிக்கவில்லை.

காலை பஸ்ஸுக்கு நான் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்றேன். விருந்தாளிகளுக்கு வழி தெரிய வேண்டுமே. பஸ் வந்தது. கடன் கொடுத்தவர்கள் இறங்கினார்கள். எங்கள் மலைச்சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே சேந்தமங்கலத்தில் ஏறும்போது அவர்களிடம் இருந்த ஆவேசத்தை அந்த வளைவுகள் பாதி பிழிந்து எடுத்துவிட்டிருந்தன. எல்லோரையும்விட அதிகமாகக் கொடுத்திருந்தவர் லாரிக்குக் கடன் தந்த பைனான்ஸ்காரர். கழுத்தில் சங்கிலியும் கையில் தோல்பையுமாக இருந்த அவர்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன்.

"எங்க ஊட்டுக்குத்தானுங்க மாமா வந்தீங்க? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் என்னையும் என் தலைப் பூவையும் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மிளகு மண்டிக்காரர், உரக்கடைக்காரர், புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து வந்த அரிசிக்கடை அக்கா, இன்னும் முகம் தெரியாத பலர். அத்தனை பேரையும் நடத்திக்கொண்டு ஊர் நடுவே நான் போனேன். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட மலைக்குக் கீழேயிருந்து இத்தனை பேர் வந்ததில்லை, பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொடுத்தாள். தலைசுற்றல் தீர்ந்ததும் சத்தம் ஆரம்பித்தது. அப்பா வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். ஒருவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தார், அடுத்தவர் ஆரம்பித்ததும் அவர் பக்கம் திரும்பினார். குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. தோட்டம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டதையும், விற்று வருவதில் அவரவர் பங்கு வரும் என்பதையும், அது கொடுத்த தொகைக்குப் பக்கத்தில்கூட வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அரிசிக்கடை அக்காவுக்குத் திட்டவே வரவில்லை. இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, அம்மாவிடம் போய் இலை அறுக்கக் கத்தி கேட்டார்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் தயங்கியவர்கள் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பசி எல்லோருக்கும் பொதுதானே. பைனான்ஸ்காரர் மட்டும் அசையவில்லை. "சாப்புட்டுட்டா அப்பறம் எந்த வாய்ல சத்தம் போடறது? எனக்கு வேண்டாம்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏம்ப்பா, இத்தன கொடி வெச்சிருந்தவன் ஊட்டுல மொளகே இல்லன்னா நான் நம்போணுமா? எங்கியோ ஒளிச்சிட்டுத்தான் இந்தச் சோத்தப் போட்டு ஏமாத்தற. கோர்ட்டுல வந்து நானே சொல்றன்" என்றார்.

"இல்லீங்க. ஊட்டுல ஒரு படி மொளகுகூடக் கெடையாது. நீங்களே உள்ள போய்ப் பாருங்க" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் மிளகு இல்லை என்று சொல்வது என்ன பெருமை? விருந்தாளி முன்னால் எங்களைப் பஞ்சைப் பராரியாக்குகிறாரே அப்பா என்று ரோஷம் வந்தது. "இருக்குதுங்க மாமா" என்றேன். "பரண்மேல, சாமை வைக்கோலுக்குப் பின்னால, ஒரு மூட்ட இருக்குது. நான் மேல ஏறி வெளையாடறப்பப் பாத்தன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. சமையலறை வாசலில் அம்மா கையிலிருந்த கரண்டியோடு நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். உள்ளே போய் ஏணி வைத்து ஏறினார்.

மூட்டையைத் தோளில் வைத்து வெளியே கொண்டுவந்து வாசல் நடுவில் இறக்கி, வாயை அவிழ்த்தார். நல்ல கறுப்பு மிளகு. மண்டிக்காரர் பழக்கதோஷத்தில் இலையை விட்டு எழுந்து வந்து நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்து, காரம் நன்றாக இருக்கிறது என்றார்.

"நாந்தான் வெச்சன்" என்றாள் அம்மா. "அவருக்குத் தெரியாதுங்க. புள்ளையக் கீழ ஆஸ்டல்ல சேக்கோணும்னு நெனச்சு வெச்சன்." அப்பா அவளைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒருவேளை, கடன் கொடுத்தவர்கள் முன்னால் நல்லவராகத் தெரிய வேண்டும் என்றால் திட்டித்தான் இருக்க வேண்டும். அவர் திட்டவில்லை. "நீ வெச்சா என்ன, நான் வெச்சா என்ன" என்று அவளிடம் சொல்லிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது பொய்யாப் போச்சுங்க. இதுவும் உங்க எல்லாருக்கும் சேந்ததுதான். நாளைக்கே கொண்டுபோய் வக்கீல்கிட்டச் சொல்லிக் கணக்குல சேத்தர்றேன். கோர்ட்டு என்ன சொல்லுதோ சொல்லட்டும்." என் பக்கம் வந்து தலையில் கை வைத்து, "நீ சரியாத்தான் சொன்ன கண்ணு" என்றார். நான் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். எங்கள் வீட்டின் மானத்தைக் காப்பாற்றியது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பைனான்ஸ்காரர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். "சோறு போடும்மா" என்றார். பலாக்கொட்டைக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மனுவை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை. மூட்டையும் தோட்டமும் போயின. அந்தத் தோட்டத்தை வாங்கியவரிடமே அப்பா மிளகு பறிக்கக் கூலிக்குப் போனார், தலை நிமிர்ந்தே போனார். நான் இலவச ஆஸ்டலில் சேர்ந்து படித்தேன். கோழிகளை யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு மதிய பஸ் கிளம்பிய பிறகு நடந்ததை.

எல்லோரும் சொல்லிக்கொண்டு போனார்கள். அரிசிக்கடை அக்கா அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார். வாசலில் பார்க்கிறேன், மூட்டை அப்படியே இருக்கிறது. விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்ததை மறந்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்குப் பதறியது. நிறுத்தம் வரை ஓடினேன். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலோரம் பைனான்ஸ்காரர்.

"மாமா, மூட்டைய மறந்துட்டுப் போறீங்க" என்று கத்தினேன்.

அவர் தலையை வெளியே நீட்டினார். "உங்கப்பன்கிட்டயே இருக்கட்டும் சாமி. அவன் கொண்டாந்து சேத்துருவான்" என்றார். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

எங்கள் மிளகு அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று மனம் விட்டுப்போய்த் திரும்பி வந்தேன். அப்பா மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி, அதன் வாயைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மாமா வேண்டாம்னுட்டாருப்பா" என்றேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்னாரு. நீங்க கொண்டுபோய்ச் சேத்துருவீங்களாம்."

அப்பா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாரு கண்ணு?"

மறுபடி சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

காலையிலிருந்து அத்தனை பேர் போட்ட கூச்சலில் அப்பாவுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் காதுக்குப் பக்கத்தில் போய், ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.