பால்ச்சாமி ஆசாரியின் மூச்சு

நல்ல நேரம் ஏழரைக்கு முடிகிறது. ஏழு இருபது ஆகியும், கரி நெருப்பில் மண்கிண்ணத்துக்குள் இட்ட ஒரு பவுன் காசு காசாகவே கிடந்தது. பால்ச்சாமி ஆசாரி குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சண்முகவடிவு, அவர் முதுகில் வலப்பக்கமாக வளைந்து இறங்கிய தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், ஆசாரிக்குக் காசநோய் முற்றி, மதுரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வலது நுரையீரலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வெட்டியது இனி வளராது, இருக்கிற மூச்சை வைத்துக் காலத்தை ஓட்டு, ஊதுகுழலைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார் பெரிய டாக்டர். பொன்வேலை செய்கிறவனை ஊதாதே என்றால் அவன் எதைத் தின்பானாம்? அருப்புக்கோட்டைக்குத் திரும்பியதும் சண்முகவடிவு தோல் துருத்தியைக் கையில் எடுத்தாள். அவள் காற்றடிக்க, அவர் தோடும் மூக்குத்தியும் செய்தார்.

தாலிப் பொன்னுக்கு மட்டும் அது செல்லாது. செத்த மாட்டின் தோலிலிருந்து வரும் காற்று மங்கலத்துக்கு ஆகாதாம். இரு வீட்டாரும் பார்த்திருக்க, ஆசாரி தன் மூச்சால்தான் காசை உருக்க வேண்டும். நடுவில் குழலை வாயிலிருந்து எடுத்தால் அபசகுனம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவானின் நெஞ்சை யாரும் அறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தாலி செய்யாதவன் என்ன ஆசாரி? ‘அரை ஆசாரி’ என்று கடைவீதியில் பேர் வைத்தார்கள்.

அந்தப் பேர்தான் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. தினமும் விடிந்ததும் விளக்கை ஏற்றி வைத்து, அதன் சுடரில் குழலால் ஊதிப் பழகினார். முதல் வருஷம் நாலு எண்ணுவதற்குள் இருமல் பிடுங்கியது. நோவை வெலைக்கு வாங்குறீக என்று அவள் ஏசாத நாள் இல்லை. கன்னத்தில் காற்றை அடக்கி ஊதிக்கொண்டே மூக்கால் இழுக்கும் பழைய வித்தை, பத்தாவது வருஷத்தில்தான் மெல்லத் திரும்பியது.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது புதிதாக வந்திருந்த டாக்டரம்மா ஒரு கருவிக்குள் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார். பழைய சீட்டில் ஒன்றே முக்கால் லிட்டர். இப்போது கிட்டத்தட்ட மூன்று. நம்பாமல் இன்னொரு தரம் ஊதச் சொன்னார். பிறகு இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“பெரியவங்களுக்கு நுரையீரல் வளராதுன்னுதான் நாங்க படிச்சோம். மிச்சம் இருக்கறது விரிஞ்சு எடத்த அடைக்கும், அவ்வளவுதான். ஆனா வெறுமனே விரிஞ்சதுக்கு இவ்வளவு மூச்சு வராதே. தெனம் நீங்க இழுத்த இழுப்புல புதுசா கொஞ்சம் வளர்ந்திருக்குமோன்னு தோணுது. நிரூபிக்க எங்கிட்ட வழியில்ல.”

இதைக் கேள்விப்பட்டுத்தான் பலசரக்குக் கடை வெள்ளத்துரை தன் மகள் தாலிக்குப் பொன்னுருக்க இங்கே வந்தார். ஆனால் பந்தல்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் ராஜகுருவுக்குத் தழும்பைக் கண்டதுமே முகம் மாறிவிட்டது. நேரம் தப்பினால் காசை எடுத்துக்கொண்டு வேறு ஆசாரியிடம் போய்விடுவேன் என்று சபையில் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் பிறகு இந்த ஊரில் ஒருவரும் குன்றிமணிப் பொன்னைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏழு இருபத்தைந்து. கழுத்து நரம்பு புடைத்தது. கனல் ஒரு கணம் மங்கியது. ராஜகுரு எழுந்து நின்றார்.

சண்முகவடிவின் கை அவளையும் அறியாமல் முந்தானை மறைவில், பக்கத்தில் கிடந்த துருத்தியைத் தேடியது. ஒரே ஒரு அமுக்கு. யார் கண்ணிலும் படாது. பிடியை அவள் தொட்டதும், ஆசாரி திரும்பாமலே இடக்கையைப் பின்னால் நீட்டித் துருத்தியைத் தள்ளிவிட்டார். பாவி மனுசா, செத்துத்தான் தொலைவியா என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

அவர் மூக்கால் இழுத்தார். வலப்பக்க விலா அசைந்தது. இத்தனை வருஷம் கட்டை போலக் கிடந்த பக்கம் அது. தழும்போடு சேர்ந்து மேலே எழுவதை அவள் கண்ணால் கண்டாள். கனல் வெள்ளையாகச் சீறியது. காசின் விளிம்பு தளர்ந்தது, அதில் பொறித்திருந்த முகம் அழிந்தது, எல்லாம் சேர்ந்து ஒரே முத்தாக உருண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். ராஜகுரு உட்கார்ந்தார்.

உருகிருச்சு ஆசாரி, உருகிருச்சு என்று வெள்ளத்துரை இரண்டு தரம் சொன்னார். ஆசாரி குழலை இறக்கவில்லை. ஊதிக்கொண்டே இருந்தார். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ச் சண்முகவடிவு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“போதுங்க. பொன்னு உருகிப் போச்சு, நிறுத்துங்க.”

அவர் குழலை எடுத்தார். கண்ணெல்லாம் நீர்.

“உருகுனது தெரியும், வடிவு. இன்னும் மூச்சு மிச்சமிருக்கு.”