அப்பாவைக் கழற்றிவிட்ட நாள்

என் சித்தி, எங்கள் தேயிலை மலையில் கியா பார்ம் என்ற ஊரில், ஒரு ஸ்ட்ராபெர்ரிக் கடையில் வேலை பார்த்தாள். பாடப்புத்தக இங்கிலீஷ் பேசினால் டூரிஸ்டுகள் மதிக்கமாட்டார்கள் என்பது அவள் கட்சி. வெள்ளைக்காரர்கள் மாதிரியே பேசவேண்டுமென்று, கைப்பேசியில் வீடியோ பார்த்து மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்தாள். மழை கொட்டினால் நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்பாள். ஆரம்பப்பள்ளி நான்காம் ஆண்டில் இங்கிலீஷில் முதலாவதாக வந்த எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வீட்டில் இங்கிலீஷுக்கு நான்தான் அதிகாரி.

அந்த வாரம் அப்பா ஓட்டிய தேயிலைக் கொழுந்து லோரி பனிமூட்டத்தில் சறுக்கி, தொழிற்சாலை கேட்டை இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த எஸ்டேட்டின் புது மேனேஜர் துரை விசாரிக்கக் கூப்பிட்டுவிட்டார். வேலை போனால் எஸ்டேட் வீடும் போய்விடும்.

மத்தியானம் அப்பா வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அவர் ஆபீசுக்குள் போவதற்கு முன்பே துரை ஃபோன் பேசியபடி வெளியே வந்து, அவர் தோளைத் தட்டி, இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாராம். மறந்துவிடாமல் இருக்க, வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆஃப் த ஹூக்குன்னாரும்மா. அப்படின்னா என்னா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஹூக்குன்னா கொக்கி. கொக்கியிலேருந்து கழட்டியாச்சுப்பா."

"கழட்டி விட்டுட்டாரா..." என்றார் அப்பா.

"அதான் தோளத் தட்டியிருக்காரு," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை அணைத்தாள். ரிங்லெட் டவுனிலிருந்த பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டு, அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று மெல்லிய குரலில் விசாரித்தாள். யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் சித்தி மோட்டாரில் வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் ஹெல்மெட்டோடு கத்தினாள்.

"ஐயோ மாமா, அது இந்தக் கழட்டுறது இல்லலா! தப்பிச்சிட்டீங்கன்னு அர்த்தம். உங்க மேல குத்தம் இல்லையாம்!"

அப்பா நம்பவில்லை. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"பிரேக்குதான் கோளாறுன்னு பட்டறையில சொல்லிட்டாங்களே. துரை உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் கிராணி. "நாளைக்கு வேற லோரி எடுங்க."

அப்பா அப்படியே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தார். அம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அந்த இங்கிலீஷ இன்னொரு தடவ சொல்லுடி," என்றாள் சித்தியிடம். சித்தி சொன்னாள். சோறு கொதிக்கும்போது மீண்டும் கேட்டாள். சாப்பாடு போடும்போது, கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும்.

மூன்றே மூன்று சொல். அதை மனப்பாடம் செய்ய அம்மாவுக்கு இத்தனை தடவை வேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.