முந்தானையில் ஒட்டிய நிறம்

நேற்று பீரோவைத் திறந்தபோது அந்தச் சேலை கையோடு வந்தது. வெள்ளையில் நீலப் பூப் போட்ட பருத்திச் சேலை. முந்தானை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கோதுமை நிறத்தில் ஒரு கறை. மஞ்சள் இல்லை, எண்ணெய் இல்லை. முகர்ந்தால் லேசான ஒரு வாசனை. ஓமப் புகையும் இன்னும் முழுதாகப் போகவில்லை. துவைக்காமலே மடித்து வைத்திருக்கிறேன். சோம்பல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முகத்தில் எதையும் பூசுவது பிடிக்காது. கண்ணுக்குக் கொஞ்சம் மை, ஒரு சின்னப் பொட்டு, அவ்வளவுதான். இதை ஏதோ பெரிய கொள்கை மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உண்மையில் அது ராஜபாளையத்து மில் கொடுத்த பழக்கம். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதற்கு முன்னால் அங்கே ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் ஐந்து வருஷம் இருந்தேன். கேட்டில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பதிய வேண்டும். ஷிப்டு தொடங்கியதும் உள்ளே போய்த் தலைகளை எண்ண வேண்டும்.

முதல் நாள், பெரிய உத்தியோகம் என்கிற நினைப்பில் ரோஸ் பவுடரை அப்பிக்கொண்டு போனேன். மிஷின்களுக்கு நடுவே ஒரு சுற்று வருவதற்குள், வியர்வையில் குழைந்த பவுடரில் பறக்கிற பஞ்செல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தெரியாது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மிடுக்காக நடந்தேன். எதிரே வந்த செல்லம்மா அக்காதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி, எல்லாரும் இங்க வாங்க. டைம் ஆபீஸுக்குப் புதுசா வெள்ளாட்டங்கெடா வந்திருக்கு. தாடியப் பாருங்க."

பவுடர் அன்றோடு நின்றது. மில்லில் யாருமே பூசுவதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கழுவின முகத்தோடு வருவார்கள், பஞ்சு படிந்த தலையோடு போவார்கள். கழுவின முகங்கள் வரிசையாக வரும்போது எதையும் கேட்க வேண்டியதில்லை. யார் சாப்பிடாமல் வந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று பத்தடி தூரத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிடும். ஒருநாள் செல்லம்மா அக்காவையே கேட்டில் நிறுத்தினேன்.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் தாயி. வழிய விடு."

"கண்ணு மஞ்சப் பூத்துக் கெடக்கு. வேல பாக்க வேண்டாம், டாக்டர்ட்ட போங்க."

"கண்ணுக்குள்ள எக்ஸ்ரே மிஷினு வச்சிருக்காடி இவ," என்று முனகிக்கொண்டே திரும்பிப் போனாள். காமாலைதான். குணமாகி வந்த அன்று, கூமாப்பட்டியிலிருந்து வந்த மாம்பழம் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பழம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோயிற்று. அந்தப் பெருமையைத்தான் இருபத்தைந்து வருஷமாகத் தின்றுகொண்டிருந்தேன்.

என் மகள் மீனா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் நான் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். தெளிவாக இருந்தால் நிம்மதி. அவளோடு வேலை பார்க்கிற பெண்களெல்லாம் இமைக்கு ஒரு நிறம், கன்னத்துக்கு ஒரு நிறம் என்று இருக்கும்போது, இவள் மட்டும் இப்போதுதான் முகம் கழுவியவள் மாதிரி இருப்பாள். என் வளர்ப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் வத்திராயிருப்பில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். மீனா நேராக அங்கேயே வந்தாள். தம்பி மனைவி அவள் தாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னத்தப் பூசிவிடுதீக மதினி, பிள்ள மூஞ்சி இம்புட்டுத் தெளிவா இருக்கு?" என்று கேட்டாள்.

"பச்சத் தண்ணிதான். அவ என்னய மாதிரி," என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். மீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது வீட்டுக்குள் ஓமப் புகை சூழ்ந்துகொண்டது. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனா, சின்னப் பிள்ளையில் செய்வது மாதிரி, என் முந்தானையை இழுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். நிமிர்ந்தபோது மூக்குக்கு இரண்டு பக்கமும், கன்னம் வரைக்கும், சுட்டது போலச் சிவந்திருந்தது. புகையால் என்று நினைத்தேன். பிறகுதான் முந்தானையில் ஒட்டியிருந்த கோதுமை நிறத்தைப் பார்த்தேன்.

கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். "எம்புட்டு நாளா?"

"ஆறு மாசமாம்மா. காய்ச்சல் வருது, போகுது. காலையில வெரல மடக்க முடியல."

"தெனமும் பாத்தேனே. ஏன்டி சொல்லல?"

"நீ பயந்துருவ. செத்த நேரம் போன் எடுக்கலன்னாலே ஒம்பது தடவ கூப்பிடுவ." பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "மேக்கப் கொஞ்சம் தூக்கலாப் போட்டாலும் அழிக்கச் சொல்லுவ. அதான், போடாத மாதிரி எப்படிப் போடுறதுன்னு வீடியோ பாத்துப் படிச்சேன். ஒனக்குப் பிடிச்ச மாதிரிதானம்மா போட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் லூபஸ் என்றார். உடம்பே உடம்பை எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோயாம். மாத்திரை தொடங்கியாயிற்று. வெயிலில் போகக் கூடாது. சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கிறதா என்கிற பரிசோதனைக்கு அடுத்த வாரம் முடிவு வரும். அதற்குள் நான் செய்யக்கூடியது என்ன என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும், தைரியமாக இருங்கள் என்றார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ராஜபாளையத்தில் நின்றது. மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கேட் இருந்த இடத்தில் செயற்கைப் பூ வளைவு. செல்லம்மா அக்கா எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ. மீனா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

லீவு போட்டுவிட்டு இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தினமும் காலையில் முகம் கழுவிவிட்டு, ஒன்றும் பூசாமல், ஜன்னல் வெளிச்சத்தில் வந்து நிற்கிறாள்.

"இன்னைக்கு எப்படிம்மா இருக்கு? கொறஞ்சிருக்கா?"

ஒரு ஷிப்டின் முகங்களையெல்லாம் அரை மணி நேரத்தில் படித்தவள் நான். இது ஒரே முகம், கைக்கெட்டும் தூரத்தில். நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா, துண்டால் அழுத்தித் துடைத்த சிவப்பா, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததா, ஒன்றும் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க இன்னும் தெரியாமல் போகிறது.

"கொறஞ்ச மாதிரிதான் இருக்கு," என்கிறேன்.

அவள் நகராமல் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள்.