ஜட்ஜையாவுக்கு ஒரு கேஸ்

அமெரிக்காவில் புரட்சி வென்றுவிட்டது என்று ரீவியில் சொன்ன அன்று சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. டென்மார்க்கில் நாங்கள் இருந்த இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் அவருக்குக் காலை வேலை. தனக்குக் காய்ச்சல் என்று போன் பண்ணிச் சொல்லும்படி அம்மாவைக் கெஞ்சினார்.

"நான் பொய் சொல்லமாட்டன் தம்பி. அமெரிக்காவில புரட்சியாம், அதால வரேல்லை எண்டு சொல்லட்டோ?" என்று அம்மா கேட்டார்.

அப்போது எனக்கு ஏழு வயது. சித்தப்பா அப்பாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். ஊரில் இருந்த காலம் முழுக்க இடதுசாரிக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியவர். புரட்சி மொஸ்கோவில் இருந்து வரும், பீக்கிங்கில் இருந்து வரும், ஒரு காலத்தில் கொழும்பிலிருந்துகூட வரும் என்று காத்திருந்தவர். அது அமெரிக்காவில் போய் நடந்தது மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பக்கத்து வீட்டுக் குழாய் வெடித்த மாதிரி. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் இருந்தார்; ஊரில் கட்சியின் எதிர் அணி. புரட்சி எந்த அணியின் கணிப்புப்படி நடந்தது என்று இரண்டு பேரும் போனில் ஒரு கிழமை சண்டை பிடித்தார்கள். இரண்டு அணியும் அதைக் கணிக்கவில்லை என்பதுதான் உண்மை.

அதன் பிறகு உலகம் கடகடவென்று புரண்டது. மொஸ்கோ வாழ்த்துச் சொல்லவே இரண்டு கிழமை யோசித்தது. பிரேசில் போனது, இத்தாலி போனது. எங்கள் வகுப்பில் தொங்கிய உலகப்படத்தில் ஆசிரியை சிவப்புத் தாள் வெட்டி ஒட்டி ஒட்டிக் களைத்துப்போய், இனி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒட்டுவோம் என்றார். டென்மார்க்குக்குச் சொந்தமான கிறீன்லாந்தில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குத் தாங்கள் இப்போது யாருடைய படை என்று தெரியவில்லை. பாதிப் பேர் சீருடையைக் கழற்றிவிட்டுக் கோப்பன்ஹேகனுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள்.

சித்தப்பா சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பாடம் எடுப்பார். "இனி அங்க வருத்தம் வந்தா ஆஸ்பத்திரியில காசு கேக்கமாட்டினம். பள்ளிக்கூடத்துக்குக் காசில்லை. வேலை போனாலும் ஆரும் பட்டினி கிடக்கமாட்டினம்."

"இஞ்சயும் அப்பிடித்தானே," என்றார் அம்மா. "இஞ்ச மகாராணியும் இருக்கிறா. இதுக்கு ஏன் தம்பி வெடி சுடுவான்?"

சித்தப்பா கோப்பையை அம்மாவின் பக்கம் தள்ளினார். "அண்ணி, நீங்கள் ரீயைக் குடியுங்கோ," என்றார்.

தொழிற்சாலையில் கழித்துவிட்ட சிவப்புத் துணியில் ஒரு கொடி தைத்து அவர் எங்கள் பல்கனியில் கட்டினார். டேனிஷ் அயலவர்கள் கோபிப்பார்கள் என்று அப்பா பயந்தார். அவர்கள் அதை ஏதோ மேசைவிரிப்பு காய்கிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மழை வரும் போலிருந்தால் கீழ்வீட்டுக் கிழவி மணியடித்துச் சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு வருடம் கழித்து அமெரிக்க அகதிகள் இக்காஸ்டுக்கும் வந்தார்கள். அதுவரை எங்கள் ஊரில் அகதி என்றால் நாங்கள்தான். முகாம்கள் நிரம்பிவிட்டதால் கொமூன, அதுதான் நகரசபை, அவர்களை வெறுமையாகக் கிடந்த வாடகை வீடுகளில் இருத்தியது. எங்களுக்கு மேல்வீட்டில் வந்தவர் தனி ஆள், நெடுவல், தலை முழுக்க வெள்ளை. தெற்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நகரத்தில் நீதிபதியாக இருந்தவராம். அதைக் கேள்விப்பட்ட நிமிடத்திலிருந்து அம்மாவுக்கு அவர் ஜட்ஜையா. சித்தப்பாவுக்கு வர்க்க எதிரி.

வர்க்க எதிரியும் நாங்களும் பழகியது சலவையறையில். கட்டிடத்துக்குக் கீழே எல்லோருக்கும் பொதுவான சலவை மெசின்கள் இருந்தன. யாருக்கு எந்த நேரம் என்று சுவரில் ஒரு பலகையில் குறித்துவைக்க வேண்டும். ஜட்ஜையாவுக்கு அந்தப் பலகை விளங்கவில்லை. மூடி திறந்து கிடந்த மெசினுக்குள் தன்னுடைய நாலு வெள்ளைச் சேட்டையும் போட்டுப் பொத்தானை அமத்திவிட்டார். உள்ளே சித்தப்பாவின் கொடி கிடந்தது. நாலு சேட்டும் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன.

அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, டேனிஷும் நாலு சொல்தான். ஜட்ஜையா மொழிப்பள்ளியில் கொஞ்சம் டேனிஷ் படித்திருந்தார். நானோ அந்த வயதில் அம்மா தமிழில் கேட்டாலும் பாதி நேரம் டேனிஷில்தான் பதில் சொல்வேன். ஆகவே டேனிஷ்காரர் ஒருவரும் இல்லாத அறையில் டேனிஷ் ஓடியது. கொடியின் கதையை நான் விளக்கியதும் அவர் சேட்டைத் தூக்கிப் பார்த்து, "இங்கேயும் வந்து என்னைப் பிடித்துவிட்டார்கள்," என்றார். அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சிரிக்கலாமோ கூடாதோ என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு கிழமையில் அவருக்கு அகதி அனுமதிக்கான இன்ரர்வியூ. அதில் கேட்பதற்குச் சரியாகச் சொன்னால் இருக்கலாம். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா உடனே, "ஞாயிற்றுக்கிழமை கீழ வாங்கோ, நாங்கள் ஒத்திகை பாத்து விடுறம்," என்று சொல்லிவிட்டார்.

ஒத்திகை எங்கள் ஆட்களுக்குப் பழகிய காரியம். புதிதாக வந்த எவரும் இன்ரர்வியூவுக்கு முன் எங்கள் வீட்டு ஹோலுக்கு ஒருமுறை வந்துதான் போவார்கள். சித்தப்பா கோட்டுப் போட்டு அதிகாரியாக இருப்பார். கதவு என்ன நிறம், அன்றைக்கு மழையா வெயிலா என்று குறுக்கும் மறுக்கும் கேட்பார். ஒருவர் எதற்காக ஓடிவந்தார் என்று சொல்லும் கதைக்குக் கேஸ் என்று பெயர். தன் கேஸைச் சொல்ல நா எழும்பாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கேஸில் கொஞ்சம் இரவல் கொடுப்பதும் உண்டு.

"வர்க்க எதிரிக்கு நான் ஒத்திகை பாக்கிறதோ? விசரே அண்ணி உங்களுக்கு?"

"சேட்டைக் கெடுத்தது உங்கட கொடி. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இருங்கோ."

வந்து இருந்தார். ஞாயிறு பின்னேரம், நடுவில் நான், ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஜட்ஜையா.

ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்டார் சித்தப்பா. ஜட்ஜையா மெதுவாகச் சொன்னார். ஒரு நாள் காலையில் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், முன்பெல்லாம் அவர் வந்து இருக்கும்வரை எல்லோரும் எழுந்து நின்ற அவருடைய அதே கதிரையில் இருத்தினார்கள். அவர் சிறைக்கு அனுப்பியவர்களின் பெயர்களை, வேலைநிறுத்தம் செய்தவர்கள், வாடகை வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றவர்கள், எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். இரண்டு நாள். முடியவில்லை. மிச்சத்தைத் திங்கட்கிழமை வாசிப்போம், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஞாயிறன்றே அவர் நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

"அடிச்சவையோ எண்டு கேள் பிள்ளை," என்றார் அம்மா.

இல்லை. தண்ணீர் கொடுத்தார்களாம்.

சித்தப்பா கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். "பாத்தியளே அண்ணை! ஒரு அடி அடிக்கேல்லை! இதெல்லோ புரட்சி!"

அப்பா அதிகம் கதைக்காதவர். "அப்ப இந்த மனிசனுக்குக் கேஸ் இல்லை," என்றார்.

சித்தப்பா துள்ளிய இடத்திலேயே நின்றார். அது அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. புரட்சி நல்லதாக இருந்தால் இந்தக் கிழவன் திரும்பிப் போகவேண்டும்.

போனால் என்ன பயம் என்று கேட்கச் சொன்னார் சித்தப்பா. மிச்சப் பெயர்கள், என்றார் ஜட்ஜையா. ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "சரி. நான் ஒரு கேஸ் தாறன். வடிவாச் சொல்லிக் குடு பிள்ளை."

எனக்குக் கொண்டாட்டம். சித்தப்பா கதை கட்டினால் அதன் ருசியே தனி.

"ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறை. சுவரில வாய்ப்பாட்டு மட்டை தொங்குது. நாப்பது பேர் நிலத்தில இருக்கினம். பின்னேரம் நாலு மணிக்கு ஒருத்தன் கதவடியில வந்து பேர் கூப்பிடுவான். கூப்பிட்டா எழும்பிப் போகோணும். போனவை திரும்பி வாறேல்லை."

நான் டேனிஷில் சொன்னேன். ஜட்ஜையா கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஆறாம் நாள் என்ர பேரைக் கூப்பிட்டாங்கள்." சித்தப்பா நிறுத்தினார். "இவற்ற பேரை எண்டு சொல்லு."

கதை கட்டுகிறவர்கள் இப்படித்தான் கதைக்குள்ளேயே போய்விடுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"எழும்ப ஏலேல்லை. கால் வரேல்லை. அதே பேரில அந்த அறைக்குள்ள இன்னொருத்தன் இருந்தவன். சின்னப் பெடியன். அவன் ஒருக்காத் திரும்பிப் பாத்தான். பிறகு அவன் எழும்பிப் போயிட்டான். செருப்பையும் போடேல்லை. அது அங்கயே கிடந்தது."

நான் யோசித்தேன். "சித்தப்பா, அமெரிக்காவில செருப்போட திரியமாட்டினம். சப்பாத்து எண்டு மாத்தட்டோ?"

"மாத்து," என்றார் அவர். "என்னத்தை வேணுமெண்டாலும் மாத்து."

மாற்றினேன். மண்ணிறச் சப்பாத்து, நூல் அவிழ்ந்து கிடந்தது என்று என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பா பல்கனிக்குப் போயிருந்தார். அம்மா ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். கதை நல்லாய் வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

சித்தப்பா தன்னுடைய இன்ரர்வியூவில் இதைச் சொல்லவே இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. குடியுரிமைக்காக அவருடைய பழைய கடதாசிகளை அடுக்கிக் கொடுத்தபோது பார்த்தேன். போஸ்டர் ஒட்டியதால் தேடினார்கள் என்று ஒரே ஒரு வரி. பள்ளிக்கூடம் இல்லை, பெயர் கூப்பிட்டது இல்லை. அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அண்டைக்குத்தான் பிள்ளை நாங்களும் முதல் கேட்டது. அதுக்குப் பிறகும் வாய் திறக்கேல்லை," என்றார்.

ஜட்ஜையாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வசந்தம் பிறக்கப் போய்விட்டார். சித்தப்பாதான் அவருடைய பெட்டியை ஸ்ரேசன்வரை தூக்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு கடிதம் வந்தது. மிச்சப் பெயர்களையும் வாசித்து முடித்துவிட்டார்களாம், தான் இப்போது ஒரு வாசிகசாலையில் புத்தகம் அடுக்குகிறேன் என்று எழுதியிருந்தார். சித்தப்பா நினைத்திருந்தால் அந்த அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம். தொழிலாளர்களை அவர்கள் கைநீட்டி அழைத்த காலம் அது. அங்கே சரியான குளிராம் என்று, டென்மார்க்கில் இருந்துகொண்டு, தட்டிக்கழித்துவிட்டார்.

ஆனால் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்பது அந்த இன்ரர்வியூ முடிந்த பின்னேரம்.

ஜட்ஜையா ரயிலால் இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா இன்னும் வேலையால் வரவில்லை. அம்மா ரீ போட உள்ளே போனார். நான் முன்னால் போய் இருந்து, எங்கள் கேஸைச் சொன்னீர்களா என்று ஆவலாகக் கேட்டேன்.

இல்லை என்றார். பாடமாக்கித்தான் போனாராம். சப்பாத்து வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாராம். அதற்குமேல் முடியவில்லை. "நான் பெயர் கூப்பிட்டவன்," என்றார். அதனால் கதிரையையும் இரண்டு நாளையும் அப்படியே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு நல்ல கதை, வீணாய்ப் போய்விட்டது.

பிறகு அவர் கேட்டார், எழுந்து போன அந்த இளைஞன் பிறகு வந்தானா என்று. சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். இவ்வளவு படித்த மனிதருக்கு இதுகூட விளங்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. கேட்கத் தேவையில்லை, அது சும்மா கட்டின கதை, அப்படி ஒருவரும் இல்லை என்று நானே பதில் சொன்னேன்.

அப்போது கதவு திறந்தது. நூல்தூசி படிந்த உடுப்போடு, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சித்தப்பா உள்ளே வந்தார். ஜட்ஜையா எழுந்தார். இரண்டு கையையும் பக்கத்தில் விட்டு நிமிர்ந்து நின்றார். சித்தப்பா சப்பாத்தைக் கழற்றி, பெட்டியை வைத்து, கதிரையில் வந்து இருக்கும்வரைக்கும் அவர் அப்படியே நின்றார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜையா புறப்படுகிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய் அவருடைய கோட்டை எடுத்துவந்து நீட்டினேன்.