புது பேரிங்

நேற்று பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாடை வந்தது. மலையில் அரவேணு ஊருக்குக் கீழே, இப்போது ரிசார்ட் நிற்கும் சரிவில், என் சின்ன வயதில் இருந்த தேயிலை ஃபேக்டரியின் எஞ்சின் ரூம் வாடை.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினைச் சரிசெய்தால் திறக்கலாம் என்று முதலாளி சொன்னதை நம்பி, எஞ்சின் டிரைவரான அப்பா அதன் சுழல்தண்டில் நீலச் சாயம் தடவி, அதன்மேல் கனெக்டிங் ராடின் புது பேரிங்கை மாட்டி போல்ட்டை முறுக்குவார். கொழுந்து பறிக்கும் வேலை நின்றுபோன அம்மா பெரிய சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றுவாள். பிறகு பேரிங்கைக் கழற்றி, அது தண்டில் சீராகப் பொருந்தும்வரை, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டி, மறுபடி மாட்டி, மறுபடி சுற்றி, வெளியே பனிமூட்டம் இறங்குவதும் ஏறுவதுமாக நாட்கள் போயின.

“இன்னும் எத்தன தரங்க?” என்பாள் அம்மா.

“இன்னும் ஒருக்கா, புள்ள.”

உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளுவாள்.

ஒருநாள் மதியம் எஞ்சின் தட்டலே இல்லாமல் ஓடியது. தொழிலாளர் லயத்து ஜனமெல்லாம் வந்து வாசலில் நின்று கேட்டது. மறுவாரமே முதலாளி அதை ஈரோட்டுப் பக்கம் ஓர் எண்ணெய் மில்லுக்கு விற்றுவிட்டார். ஓடுகிற எஞ்சினைத்தான் வாங்குவோம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்களாம்.

லாரி வந்தபோது அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எஞ்சினை ஏற்றிக் கயிறு இறுக்கியதும் அப்பா லாரிக்காரரிடம் போனார். சண்டை போடப்போகிறார் என்று பயந்தேன்.

“புது பேரிங்குங்க. மொத வாரம் லோடு குடுக்காம மெதுவா ஓட்டச் சொல்லுங்க,” என்றார்.